காயலான் கடைக்குப் போகாத கம்ப்யூட்டர்

போன மாதம் இணைய இணைப்பைப் பார்க்க வந்த பையன், மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த என் பழைய நெட்புக்கைப் பார்த்துச் சிரித்தான். "இத காயலான் கடையில போடுங்க சார். கம்பெனி பெட்டியே போதும்."

போதாது தம்பி.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு கால் உடைந்த நாற்காலியைக் கண்டெம் செய்யக்கூட ஸ்டாக் ரெஜிஸ்டரைப் புரட்டி, இனி உதவாது என்று அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கே ஒரே சிரிப்பில் கண்டெம்!

அந்தக் கம்பெனி பெட்டியின் லட்சணத்தைக் கேளுங்கள். உள்ளே இருந்த மென்பொருள் ஏழு வருடம் பழையது. பாஸ்வேர்டு 'அட்மின்'. புதுசு எப்போது வரும் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பெட்டி எவன் கையிலாவது சிக்கினால், நாம் பேங்க் பெயரைத் தட்டும்போது வேறொரு போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். நம் பென்ஷன் பணம் அங்கேதானே இருக்கிறது?

என் நெட்புக்கில் இருப்பது ஆட்டம் என்270, 2008இல் வந்த சிப். 32 பிட் என்பதால் பிஎஃப்சென்ஸ் 2017லேயே இதைக் கைவிட்டுவிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி கைவிடவில்லை. இலவசம், ஓட்டைகளை அடைத்துப் புதுப்பதிப்பும் வருகிறது. இரண்டாவது கேபிளுக்கு ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கினேன். கம்பெனி பெட்டியை வெறும் 'பிரிட்ஜ்' ஆக்கச் சொல்லி மூன்று முறை போன் செய்தேன். நூறு எம்பிக்கு மேல் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தாங்காது. என்னுடையது ஐம்பதுதான். கரண்ட் போனால் அதன் பேட்டரியே யுபிஎஸ்.

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955இல் ஐபிஎம் கேட்டு, ழாக் பெரே என்ற பேராசிரியர் சொன்ன சொல். ஒழுங்கு செய்கிறவர் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் உடனே பரணிலிருந்து பென்டியம் 4 பெட்டியை இறக்கிவிட்டார். வேண்டாம் ஐயா! என் நெட்புக் இழுப்பது 12 வாட், மாதம் ஒன்பது யூனிட்கூட ஆகாது. உங்களுடையது 80 வாட் என்று வைத்தாலும் இரவு பகலாக ஓடினால் மாதம் 58 யூனிட். அதைத் தாராளமாகக் காயலான் கடையில் போடுங்கள். கையெழுத்து நான் போடுகிறேன்.