சத்தம் வேறு, வலு வேறு: கார் மொடிபை செய்யும் எமது இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்



சென்ற நோன்பில், தராவீஹ் நேரம் பள்ளிவாசல் வீதியால் ஒரு கார் உறுமிக்கொண்டு போனது பலருக்கு நினைவிருக்கும். மறுநாள் ஊரில் அதுதான் கதை. "சேர்மார் நீங்கதான் இந்தப் பொடியனுகளுக்குப் புத்தி சொல்லணும்" என்று பெரியவர்கள் சிலர் எங்களிடம் வந்தார்கள். இன்னொரு நோன்பு வரப்போகிறது. அதற்கு முன்னர் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் கார் எங்களிடம் படித்த மாணவன் ஒருவனுடையது. கட்டாரில் மூன்று வருடம் உழைத்து, வாப்பாவிடமிருந்து நெல் விற்ற காசிலும் கொஞ்சம் வாங்கி, 1990களில் ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்திருந்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் ஒன்றுக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதை விற்றவர்களும் வாங்கியவர்களும் அறிவார்கள்.

பெருநாள் முடிந்த பிறகு அவனைக் கூப்பிட்டோம். ஏசுவதற்கு முன்னர் பொனட்டைத் திறக்கச் சொன்னோம். கம்பனி பொருத்திய காற்றுப் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தான். அதற்குப் பதிலாக ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய மூன்று அங்குல பிவிசி பைப். அதற்குள் சூடான மணலை நிரப்பி, நெளிவு விழாமல் வளைத்து, முன் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி, நுனியில் கூம்பு வடிவ பில்டர் ஒன்றை மாட்டியிருந்தான். "கோல்ட் எயார் இன்டேக் சேர், நானே செஞ்சது" என்றான். கராஜ் பாஸ்மார் கூட அந்த வளைவைப் பார்த்து மெச்சுவார்கள். உயர்தரத்தில் பௌதிகவியலில் சாதாரண சித்தியோடு தப்பிய பிள்ளையின் கை வேலை அது.

அவன் செய்ததில் பௌதிகவியல் இல்லாமல் இல்லை. சாள்ஸின் விதியைக் கரும்பலகையில் எழுதி, எத்தனை கணக்குச் செய்வித்திருப்போம்! அமுக்கம் மாறாதிருக்க, வாயுவின் கனவளவு தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமம். அதாவது காற்று சூடானால் விரியும், அடர்த்தி குறையும். வெளிக்காற்று 35 பாகை செல்சியஸ், எஞ்சின் அறைக்குள் 65 பாகை என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 308, 338. ஒரே அளவு இடத்தில் வெளிக்காற்று 100 கிராம் இருக்குமென்றால், சூடான காற்று 91 கிராம்தான் இருக்கும். ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். குளிர்ந்த காற்றைத் தேடுவது நியாயமான யோசனைதான்.

ஆனால் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கம்பனிக்காரன் என்ன முட்டாளா? அநேகமான கார்களில் பழைய பெட்டியின் வாய் ஏற்கனவே முன் கிரில்லுக்குப் பக்கத்திலோ, மட்காட்டுக்குள்ளோதான் இருக்கும். அதுவும் வெளிக்காற்றைத்தான் குடிக்கிறது.

நாங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானியைக் கொண்டுபோனோம். முதலில் பழைய பெட்டியைப் பூட்டி, சாதாரண வேகத்தில் இருபது நிமிடம் ஓடிப் பெட்டியின் வாயில் அளந்தோம். பிறகு புதிய பைப்பைப் பூட்டி, அதே வீதியில் அதே நேரம் ஓடி அளந்தோம். வித்தியாசம் இரண்டு பாகை. அவனுடைய கூட்டாளி ஒருவன் பைப் எதுவும் இல்லாமல் பில்டரை எஞ்சின் அறைக்குள் திறந்தபடி மாட்டியிருந்தான். அதையும் அளந்தோம். சந்தியில் கொஞ்ச நேரம் நின்றதுமே வெளிக்காற்றை விட இருபது பாகைக்கு மேல் கூடிவிட்டது. அவன் காசு கொடுத்து வாங்கியது குளிர்ந்த காற்றை அல்ல, கச்சான் காற்றை!

"அப்ப சேர், வண்டி இழுக்கிற மாதிரி இருக்கே?" என்று கேட்டார்கள். இழுப்பது காது. பழைய பெட்டியின் வேலைகளில் ஒன்று, எஞ்சின் மூச்சிழுக்கும் சத்தத்தை அடக்குவது. அதைக் கழற்றியதும் சத்தம் வெளியே வருகிறது. சத்தம் கூடினால் வலு கூடிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. மேடையில் கத்துகிறவர்தான் பெரிய ஆலிம் என்று சிலர் நம்புவதைப் போலத்தான்.

இன்னொரு உதாரணமும் சொன்னோம். நுவரெலியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று எவ்வளவு குளிர். அப்படியென்றால் கார் அங்கே பறக்க வேண்டுமே? 1,868 மீற்றர் உயரத்தில் அமுக்கம் குறைவு. குளிரால் கிடைக்கும் இலாபத்தைக் கழித்தாலும், எமது கரையோரத்தை விடக் காற்றின் அடர்த்தி அங்கே பதினைந்து வீதமளவு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே களைக்கத்தான் செய்யும். இதைக் கேட்டபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். வகுப்பில் இரண்டு வருடம் காணாத முகம் அது.

அன்று நல்ல பாடம் நடத்திவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனோம். அங்கேதான் நாங்கள் பிழை விட்டோம்.

அந்த பில்டர் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. நாங்கள் அதைக் கண்ணால் கண்டோம். வெப்பநிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே தவிர, மாரி வரும் என்பதை நினைக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் மஃரிபு நேரம். கல்முனையில் கிளினிக் முடிந்து உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வயல் வெளியால் வரும் வீதியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பெரிய வெள்ளமல்ல. மற்ற வாகனங்கள் மெதுவாகக் கடந்து போன தண்ணீர்தான். இவனுடைய கார் நடுவில் நின்றுவிட்டது. யாரும் செய்வதைப் போல இவனும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்திருக்கிறான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் எதிலாவது வளைவு விழ வேண்டும். வளைந்தது கனெக்டிங் ரொட். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகள்தான் இறங்கித் தள்ளிக் கரை சேர்த்து, உம்மாவுக்குத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும்.

அவனைப் பார்க்கப் போனோம். எங்களைக் குறை சொல்லவில்லை. "நீங்க அண்டைக்குப் பார்த்தீங்கதானே சேர்" என்று மட்டும் சொன்னான். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் எமது மத்ரசாப் பிள்ளைகளைக் கொண்டுபோனதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வீதியில் ஓடும் தண்ணீரை இனியும் நாம் லேசாக எடுக்க முடியாது. அதில் நின்றுபோகும் வாகனம் வெறும் கராஜ் பில்லோடு முடிகிற விடயமல்ல.

ஆகவே தம்பிமாரே, அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்கிறோம்.

ஒன்று. பில்டரைக் கீழே தொங்கவிட்டிருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்னர் பழைய பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றால் ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம். இறங்கித் தள்ளுங்கள், பிறகு பாஸைக் கூப்பிடுங்கள்.

இரண்டு. உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். சில எஞ்சின்களில் பைப்பின் அமுக்கத்தைப் பார்க்கும் சென்சர் இருக்கும். வேறு சிலவற்றில் பாய்ந்து போகும் காற்றையே அளக்கும் சென்சர் இருக்கும். இரண்டாவது வகையில், சென்சர் இருக்கும் இடத்தில் பைப்பின் விட்டத்தை மாற்றினால் கணக்கே பிழைக்கும். பெற்றோல் கூடும், அல்லது தேவைக்குக் குறைந்து எஞ்சின் சூடேறும். எண்ணெய் பூசிய பில்டர் போட்டால் அந்தச் சென்சரின் மெல்லிய கம்பியில் எண்ணெய் படியவும் கூடும்.

மூன்று. பிவிசி வீட்டுத் தண்ணீருக்குச் செய்த பைப். 80 பாகையளவில் அது இளகத் தொடங்கும். ரேடியேட்டருக்கும் எக்ஸோஸ்டுக்கும் பக்கத்தில் அது தாக்குப்பிடிக்காது. செய்வதென்றால் அலுமினியத்தில் செய்யுங்கள். எஞ்சின் மூடியிலிருந்து பழைய பெட்டிக்கு வரும் சிறிய ஹோஸைத் திறந்தபடி விடாதீர்கள்.

நான்கு. பில்டரே இல்லாமல் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளாமை வெட்டும் காலத்தில் எமது வீதிகளில் பறக்கும் புழுதியைப் பாருங்கள். அந்த மணல் சிலிண்டருக்குள் போனால் அரத்தால் தேய்த்த மாதிரித்தான்.

ஐந்து. ஓட்டப்போட்டி பிரதான வீதிக்கு உரியதல்ல. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகி ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஏற்பாட்டோடு நடந்த போட்டியிலேயே அந்த நிலை. சுபஹுக்குப் பிறகு கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் கடலை விற்கிற உம்மாமார் நடந்து போகிறார்கள்.

இனிப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகளைக் காவாலிகள் என்று முத்திரை குத்துவது இலகு. அவர்களில் பலர் போதையின் பக்கம் போகாமல் இரவு பத்து மணி வரை ஸ்பெனரோடு நிற்கிறவர்கள். தெரியாத ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் ஆசை கெட்ட குணமல்ல. அளக்காமல் வெட்டுவதுதான் கெட்ட பழக்கம். அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது எங்களுடைய வேலை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. ஆனாலும் ஒரு காரின் பொனட்டைத் திறந்து வைத்துச் சாள்ஸின் விதியை நாங்கள் ஒருநாளும் படிப்பித்ததில்லை. சூத்திரம் எங்களிடம் இருந்தது, கார் அவர்களிடம் இருந்தது. இரண்டும் சந்திக்க ஒரு எஞ்சின் பழுதாக வேண்டியிருந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு பாடசாலைத் தொழினுட்பக் கூடத்தைத் திறந்து வைக்க அதிபரிடம் கேட்கப் போகிறோம். ஊரிலுள்ள கராஜ் பாஸ்மார் இரண்டு பேராவது வந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் வண்டியோடு வரட்டும், நாங்கள் வெப்பமானியோடு வருகிறோம். வெட்டுவதற்கு முன்னர் அளப்போம், பூட்டிய பின்னரும் அளப்போம். பெற்றோர் சம்மதித்தால் அதிபரிடம் பேசுவது எங்களுக்கு இலகுவாக இருக்கும். கருத்தைக் கீழே எழுதுங்கள்.

அந்த மாணவனின் கார் இன்னும் முற்றத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது. வேறு எஞ்சின் ஒன்றுக்குக் காசு சேர்க்கிறான். பழைய காற்றுப் பெட்டியை அவன் எறியவில்லை, வீட்டுக் கூரைக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறான். உங்களில் யாராவது கழற்றியிருந்தால் நீங்களும் எறிந்துவிடாதீர்கள்.