பற்று ஒருவர் பேரில், வரவு இன்னொருவர் பேரில்

அணைக்கட்டுகளைப் பற்றித் தமிழில் இரண்டு விதமாகத்தான் எழுதப்படுகிறது. ஒன்று மேடைக் கவிஞர்களின் வாழ்த்து: பொங்கும் புனல், பசுமை, பாரதம். மற்றது நம் சிறுபத்திரிகைக் கவிதை: முழுகிய கோயில், நீருக்கடியில் மணியோசை, கோடையில் தலைகாட்டும் கோபுரம். முதலாவதை நாம் படிப்பதில்லை. இரண்டாவதை நாமே எழுதி நாமே ரசிக்கிறோம் என்பதால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. என் குற்றச்சாட்டு இதுதான்: இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. நிலம் இழந்தவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகின்றன. வாழ்த்து அவனைத் தியாகி ஆக்குகிறது. நம் கவிதை அவனைப் படிமம் ஆக்குகிறது. தியாகிக்கும் பட்டா வேண்டாம், படிமத்துக்கும் வேண்டாம்.

அணையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு அணையைத் திட்டுகிற சௌகரியம் எனக்கு வேண்டாம். பேச்சு ஸ்தூலமாக இருக்கட்டும் என்பதற்காக நர்மதையின் மீதுள்ள சர்தார் சரோவரை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் இவ்வளவு காகிதம் சேர்ந்த அணை வேறில்லை. அதன் பயனை முதலில் சொல்லிவிடுவோம். மின் நிலையங்களின் திறன் 1450 மெகாவாட். குஜராத்தில் மட்டும் ஏறக்குறைய 18 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம் என்பது திட்டம். சௌராஷ்டிரத்துக்கும் கட்சுக்கும் குழாய் வழியே குடிநீர் போகிறது. குடத்தோடு மைல் கணக்கில் நடந்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் தண்ணீர் வருவது அற்ப விஷயமல்ல. இதை ஒப்புக்கொள்ளாத அணை எதிர்ப்பு வெறும் கோஷம்.

ஆனால் பயன் உண்மையானது என்பதாலேயே கணக்கு சரியாகிவிடுமா? பாசனத் திட்டங்களை மதிப்பிட ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். போடுகிற ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் பயன் வந்தால் திட்டம் பொதுவாகத் தேறிவிடும். நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒருவருடைய கடனை அவருடைய வைப்பிலேயே நேர்செய்துகொள்ளலாம். அதற்கும் நிபந்தனை, இரண்டும் ஒரே ஆளின் பேரில், ஒரே உரிமையில் இருக்க வேண்டும். ராமசாமியின் கடனுக்குக் குப்புசாமியின் சேமிப்பில் கைவைத்தால் மாலைக்குள் வேலை போய்விடும். மொத்தத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து லாபம்தான் என்று நான் வாதாட முடியாது. மேலாளர் சிரிப்பார்.

அணைக் கணக்கு இந்த விதியை மீறித்தான் எழுதப்படுகிறது. சர்தார் சரோவரில் மூழ்குவதாகப் பட்டியலிட்ட 245 கிராமங்களில் 193 மத்தியப் பிரதேசத்தில் இருக்கின்றன. கால்வாய் பாய்வது குஜராத்திலும் ராஜஸ்தானிலும். மின்சாரத்தில் 57 சதவீதம் மத்தியப் பிரதேசத்துக்குத்தானே என்பார்கள். மாநிலத்துக்குப் போகிறது, சரி. பற்று எழுதப்பட்டது மாநிலத்தின் பேரில் அல்லவே, நிமாட் சமவெளி விவசாயியின் பேரிலும் மலைச்சரிவில் பயிர்செய்த பில் ஆதிவாசியின் பேரிலும் அல்லவா?

அவர்களுக்கு ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவே இருந்தது. 1979இல் நர்மதை நடுவர் மன்றம் தீர்ப்பு வழங்கியது: தம் நிலத்தில் கால்பங்குக்குமேல் இழக்கும் குடும்பத்துக்கு நிலத்துக்கு நிலம், குறைந்தது இரண்டு ஹெக்டேர், வயதுவந்த மகன் தனிக் குடும்பமாகக் கருதப்படுவான். வயதுவந்த மகளைப் பற்றிப் பேச்சில்லை. அதன் பிறகு நடந்தது நிலத்துக்குப் பதில் ரொக்கம், ரொக்கத்தை வைத்து வாங்கியதாகக் காட்டிய போலிப் பத்திரங்கள், அவற்றை விசாரிக்க 2008இல் ஒரு கமிஷன். 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்கு ஆளுக்கு 60 லட்சம் கொடுக்கச் சொன்னது. தீர்ப்புக்கும் ரொக்கத்துக்கும் நடுவே 38 வருஷம். அதே வருஷம் செப்டம்பரில் அணை முழு உயரத்தில் திறந்துவைக்கப்பட்டது. கடன்காரன் 38 வருஷம் வாய்தா வாங்கினால் நாங்கள் அவனை என்ன சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

வரவுப் பக்கமாவது சொன்னபடி இருக்கிறதா? நேரு அடிக்கல் நாட்டியது 1961இல். அணையின் முதல் நியாயமாகக் காட்டப்பட்டது கட்சின் தாகம். கட்சு கிளைக் கால்வாய் திறக்கப்பட்டது 2022 ஆகஸ்டில். யார் பேரைச் சொல்லிக் கடன் வாங்கினார்களோ அவர்கள் வரிசையில் கடைசி.

'இதெல்லாம் பொருளாதாரம், இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை' என்று கேட்கும் நண்பர்களுக்கு: இந்தப் பொய்க்கணக்கு எண்களால் மட்டும் எழுதப்படவில்லை, வார்த்தைகளால் எழுதப்பட்டிருக்கிறது. வார்த்தை நம் சரக்கு என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

'தியாகம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகம் செய்கிறவன் தானே செய்ய வேண்டும். ஒருவனை இழுத்துவந்து கொடுக்க வைத்தால் அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது: பலி. கையெழுத்துக் கேட்காமல் எடுத்துக்கொண்டதைத் தியாகம் என்பது தன்வினைக்கும் பிறவினைக்கும் வித்தியாசம் தெரியாதவன் பேச்சு. 'ஆக்கிரமிப்பாளர்' இன்னொன்று. தலைமுறைகளாக மலையில் உழுதவனிடம் காகிதம் இல்லை, ஆகவே பதிவேட்டில் அவன் காட்டை ஆக்கிரமித்தவன். உலக வங்கி நியமித்த மோர்ஸ் குழு 1992 அறிக்கையில் சுட்டிக்காட்டிய அநியாயங்களில் இது ஒன்று. மறுவருஷம் மீதிக் கடனே வேண்டாம் என்று இந்திய அரசு விலகிக்கொண்டது. 'அவுஸ்டீ' என்று ஒரு சொல், விரட்டப்பட்டவன் என்று அர்த்தம். மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தபோது நான் சந்திக்காத சொல். விரட்டியவன் யார் என்பது அதில் இல்லை.

'வீணாகக் கடலில் கலக்கிறது' என்ற தொடர் நம் தினசரிகளுக்கு மனப்பாடம். தஞ்சாவூர் டெல்டாவே அப்படி 'வீணாக'ப் போன தண்ணீர் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். அணைக்குக் கீழே நர்மதை மெலிந்ததும் கடல் உப்பு பரூச்சை நோக்கி ஆற்றில் ஏறியது. கழிமுகத்தில் ஹில்சா மீன் பிடித்து வாழ்ந்தவனின் வலை காலியாயிற்று. அவன் வீடு மூழ்கவில்லை, ஆகவே எந்தப் பட்டியலிலும் அவன் இல்லை.

அணை நவீன இந்தியாவின் கோயில் என்று 1954இல் பக்ராவில் நேரு சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1958இல் அதே நேரு பிரம்மாண்டத்தின் மேல் கொள்ளும் மோகத்தை ஒரு நோய் என்று பாசனப் பொறியாளர்கள் கூட்டத்திலேயே எச்சரித்தார். அது மேற்கோள் ஆகவில்லை.

எண்களிலும் ஒரு நடை உண்டு. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. சர்தார் சரோவரின் உயரம் 138.68 மீட்டர். தண்ணீரும் காங்கிரீட்டும் இரண்டு தசம ஸ்தானம் வரை தெரிந்திருக்கின்றன. அணைகளால் உலகெங்கும் பெயர்க்கப்பட்ட மனிதர்கள் எவ்வளவு? உலக அணைகள் ஆணையம் 2000இல் சொன்னது: நாலு கோடியிலிருந்து எட்டு கோடி வரை. நாலு கோடிப் பேர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆணையத்தின் மேல் குற்றமில்லை. யாரும் எண்ணிவைக்காததை அது எப்படிக் கூட்டும்?

பிரசாரம் எழுதச் சொல்கிறேன் என்று யாரும் பாய வேண்டாம். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' 1969இல் வந்தது. ஒரு கரும்பாலைக்காக ஒரு வனம் அழிகிறது. ஆசிரியர் அழவில்லை, சாபமிடவில்லை. எதை எப்படி வெட்டினார்கள், எப்படி எரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அங்கே அழிவு ஒரு வேலையாக, கூலியோடும் வியர்வையோடும் நடக்கிறது. நம் முழுகிய கோயில் கவிதைகளில் தண்ணீர் விதியைப் போலத் தானாக ஏறுகிறது. மதகை மூடியவன் கிடையாது, உத்தரவு கிடையாது, தேதி கிடையாது. அரசாங்க அறிக்கையின் செயப்பாட்டுவினையைத்தான் நாம் சோகமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வறட்சியில் மேட்டூரில் நந்தி தலைகாட்டும்போது யாருக்காவது கவிதை எழுதத் தோன்றினால், அந்த ஊர்க்காரர்களுக்கு எங்கே, எவ்வளவு நிலம் கொடுத்தார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதட்டும். அதற்குப் பிறகு கவிதை வராமல் போனால் பரவாயில்லை. பத்திரிகையில் அந்தப் பக்கம் வேறெதற்காவது பயன்படும்.