பழைய பேண்டை விடுவிக்காமல் புதியதைக் கட்டாதீர்கள்!

மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் என்றாவது ஒரு நாள் ஓய்ந்துதான் போகும். பேட்டரி அரை நாள் கூடத் தாங்காது, இல்லாவிட்டால் ஸ்ட்ராப் அறுந்துவிடும். புதியது ஒன்றை வாங்கி வருகிறோம். அதன் பிறகுதான் தலைவலியே தொடங்குகிறது. மொபைல் போன் புதிய பேண்டைக் கண்டுபிடிக்காது. கண்டுபிடித்தாலும் ஸிங்க் பாதியில் நின்றுவிடும். "பேண்ட் பழுது" என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு ஓடுபவர்கள் பலர். பெரும்பாலான நேரங்களில் பேண்டில் பழுது எதுவும் இருக்காது. பழைய பேண்டின் உறவு இன்னும் முறியவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

இதைப் புரிந்து கொள்ள, பேண்டும் போனும் எப்படிப் பேசிக் கொள்கின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 2010இல் வெளியான புளூடூத் 4.0 வரையறையில் 'லோ எனர்ஜி' என்ற முறை வந்தது. மின்சாரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும் முறை இது. இதில் பேண்ட் "நான் இங்கே இருக்கிறேன்" என்று விட்டுவிட்டு ஒரு சிறிய சிக்னலை அனுப்பிக் கொண்டே இருக்கும். ஆப் அதைக் கேட்டுப் பிடித்துக் கொள்ளும். ஒரு போன் பிடித்துவிட்டால், பெரும்பாலான பேண்ட்கள் கூவுவதை நிறுத்திவிடும். வேறு போன்களின் கண்ணுக்கு அவை தெரியாது. எனவே, இணைக்க முடியவில்லை என்றால் முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அலமாரியில் சார்ஜில் கிடக்கும் பழைய போனிலோ, பிள்ளைகளின் டேப்ளட்டிலோ அதே ஆப் இருந்து, புளூடூத்தும் ஆனில் இருந்தால், பேண்ட் அங்கே மாட்டிக் கொண்டிருக்கலாம். அவற்றில் புளூடூத்தை அணைத்துவிட்டு மீண்டும் முயற்சி செய்திடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

அடுத்தது சாவி. பேண்டும் போனும் முதல் முறை இணையும்போது ஒரு ரகசியச் சாவியை இரண்டு பக்கமும் சேமித்துக் கொள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அழித்தால், மறு பக்கம் பழைய சாவியையே நீட்டிக் கொண்டிருக்கும், பூட்டு திறக்காது. ஆப்பில் பழைய பேண்டை நீக்கிவிட்டு, போனின் புளூடூத் பட்டியலில் அப்படியே விட்டுவிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வரும். இரண்டு இடத்திலும் நீக்கி, போனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு ஆப்பின் உள்ளிருந்தே புதியதைச் சேருங்கள். புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய் நேரடியாக பேர் செய்திட வேண்டாம். சில பேண்ட்கள் நிறுவனத்தின் சர்வரில் உரிமையாளரின் அக்கவுண்ட்டோடும் கட்டப்பட்டிருக்கும். ஷியோமியின் பேண்ட்கள் இப்படித்தான். அந்த அக்கவுண்ட்டில் நுழைந்து விடுவித்தால்தான் அடுத்தவர் பயன்படுத்த முடியும்.

ஆண்ட்ராய்ட் போன் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. ஆண்ட்ராய்ட் 6 முதல் 11 வரை, அருகில் உள்ள புளூடூத் கருவியைத் தேட லொகேஷன் அனுமதி வேண்டும். "நான் எங்கே இருக்கிறேன் என்று இதற்கு எதற்கு?" என்று எரிச்சலில் மறுத்தவர்களுக்கு பேண்ட் கிடைக்காது. ஆண்ட்ராய்ட் 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. இணைந்த பிறகும் காலையில் மட்டும் ஸிங்க் ஆகி, பிறகு நாள் முழுக்க ஆகவில்லை என்றால், பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லி போன் அந்த ஆப்பைப் பின்னணியில் கொன்று கொண்டிருக்கிறது என்று பொருள். பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்திடுங்கள்.

இவ்வளவும் சரி செய்யக் கூடியவை. சரி செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. எதற்கெடுத்தாலும் கஸ்டமர் கேரில் சொல்லும் பதில்: "ரீசெட் செய்து பாருங்கள்." எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோயாளி. தினமும் எவ்வளவு நடக்கிறார் என்பதை சர்க்கரை அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய பேண்ட் ஸிங்க் ஆகவில்லை என்று புதியது வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பழசை என்ன சார் செஞ்சீங்க?"

"போன்ல சொன்னாங்க தம்பி, ரீசெட் பண்ணிட்டேன்."

"கடைசியா எப்ப சார் ஸிங்க் ஆச்சு?"

"அது ஆகி மூணு வாரம் இருக்கும்."

அந்த மூன்று வாரக் கணக்கு பேண்டின் நினைவகத்தில்தான் இருந்தது. ரீசெட் அதைத் துடைத்துவிட்டது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேண்டின் நினைவகம் சிறியது என்பதையும் மறக்காதீர்கள். பெரும்பாலான ஃபிட்பிட் கருவிகள் நிமிட வாரியான கணக்கை 7 நாட்களும், நாள் மொத்தத்தை 30 நாட்களும்தான் வைத்திருக்கும். எனவே, வரிசை முக்கியம். முதலில் பழையதைச் சார்ஜ் ஏற்றி, எப்படியாவது ஒரு முறை ஸிங்க் செய்திடுங்கள். பிறகு அக்கவுண்ட்டில் உள்ள டேட்டாவை டவுன்லோட் செய்து கம்ப்யூட்டரில் வைத்திடுங்கள். அதன் பின் விடுவித்தல். ரீசெட் கடைசி.

ஸிங்க் பிரச்சினைக்குப் பயனாளர்தான் காரணம் என்பது போல நிறுவனங்கள் பேசுவதை நான் ஏற்பதில்லை. நம் கையில் இருக்கும் கருவியிலிருந்து நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நேராக வரக் கூடிய டேட்டாவை, ஆப், இன்டர்நெட், சர்வர் என்று ஊரைச் சுற்றி வர வைத்தது யார்? 2009இல் வந்த முதல் ஃபிட்பிட், யுஎஸ்பியில் செருகும் ஒரு தளத்தின் வழியாகக் கம்ப்யூட்டருடன்தான் பேசியது. (அதுவும் சர்வருக்குத்தான் போனது என்பது வேறு விஷயம்.) 2022 அக்டோபரில் அந்த நிறுவனம் கம்ப்யூட்டர் வழி ஸிங்க்கையே நிறுத்திவிட்டது. ஸ்மார்ட் போன் வேண்டாம் என்று இருந்தவர்களின் கதவு அதோடு மூடியது. நைக் நிறுவனம் ஃபியூவல்பேண்டுக்கான சேவையை 2018இல் முடித்துக் கொண்டது. மைக்ரோசாப்ட் தன் பேண்டுக்கான ஹெல்த் டாஷ்போர்டை 2019 மே மாதத்தில் மூடியது. கருவி நன்றாக இருந்தும் எஜமானர் கடையைக் கட்டிவிட்டார்!

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் ரேன்சம்வேர் தாக்குதலால் கார்மினின் சர்வர்கள் சில நாட்கள் முடங்கின. அப்போதும் பலர், வாட்சை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதில் இருந்த ஃபிட் பைல்களைக் காப்பி செய்து வேறு தளங்களில் ஏற்றிக் கொண்டனர். டேட்டா ஒரு பைலாக நம் கைக்கு வருகிறது என்பதால்தான் இது முடிந்தது. கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் ஆப், நிறுவனத்தின் சர்வர் இல்லாமலே பல பேண்ட்களுடன் பேசும். எல்லா மாடலுக்கும் வராது. சிலவற்றுக்குச் சாவியை எடுக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆனாலும் முடியும் என்று அது காட்டிவிட்டது.

ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் உள்ள டேட்டா பாதுகாப்புச் சட்டம், நம் டேட்டாவை எடுத்துக் கொண்டு வேறு நிறுவனத்திற்குப் போகும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டில் 2019 மசோதாவில் இது இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் காணவில்லை. அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அது வரும் வரை, கடையில் மெகாபிக்சல் கேட்பது போல, "இதிலிருந்து டேட்டாவை பைலாக எடுக்க முடியுமா?" என்று கேட்டு வாங்குங்கள். விற்பனையாளர் விழித்தால், வாங்கும் முன் அந்த ஆப்பை உங்கள் போனில் இறக்கி, எக்ஸ்போர்ட் என்று ஒரு இடம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலைதான்.

பழைய பேண்டைத் தம்பிக்கோ வேறு யாருக்கோ கொடுப்பதாக இருந்தால், உங்கள் அக்கவுண்ட்டிலிருந்து விடுவித்து, ரீசெட் செய்த பிறகு, அவருடைய போனில் ஒரு முறை இணைத்துப் பார்த்துவிட்டே கொடுங்கள்.