கல் விழுந்ததும் கவலை தீர்ந்ததா?

அரியலூர்ப் பக்கம் யாருக்காவது விலாவில் வலி வந்தால், "எல்லாம் இந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் செய்கிற வேலை" என்பார்கள். சொல்வதில் ஆச்சரியமில்லை. பல கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன. தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது போலச் சிறுநீரகத்திலும் படியாதா?

விஷயம் அவ்வளவு நேரானதல்ல, அம்மா. பெரும்பாலான கற்கள் கால்சியமும் ஆக்ஸலேட்டும் சேர்ந்து உண்டாகிறவை. சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஆகையால் கல்லுக்குப் பயந்து மோரையும் தயிரையும் நிறுத்துவது வினையை விலைக்கு வாங்குவதுதான். உண்மையான எதிரி, குடிக்காத தண்ணீர். பெரம்பலூர்ப் பருத்திக் காட்டில் வெயிலில் நிற்கிறவளுக்குக் குடம் தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் வேலைக்குப் போகிறவளோ, போகிற இடத்தில் ஒதுங்க வசதியில்லை என்று வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. இந்த இரண்டாவது ரகம் பட்டணத்தில் எத்தனை பேர்!

கல் வெளியே விழுந்ததும் வலியோடு வைத்தியத்தையும் மறந்துவிடுகிறோம். அங்கேதான் ஒரு செய்தி இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. கல் வந்திருந்த பெண்களுக்கு, வராதவர்களைவிட இருதய நோய் அதிகம்: நர்ஸுகளில் ஒரு கூட்டத்தில் 18 சதவிகிதம், இளைய கூட்டத்தில் 48 சதவிகிதம். ஆண்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை! கல்தான் இருதயத்தைக் கெடுக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பருமன் ஆகியவை இரண்டு வீட்டுக்கும் பொதுவான விருந்தாளிகள்.

அந்த நர்ஸுகள் அநேகமாக வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் கணக்கை நமக்கு அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் அலட்சியமாக இருக்கவும் முடியாது. 52 நாடுகளில் நடந்த வேறோர் ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு நம் தெற்காசியருக்குச் சுமார் 53 வயதில் வந்திருந்தது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59-இல்.

ஆகவே கல் விழுந்த பிறகு ஒரு நாள் டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் கையைச் சுருக்குங்கள். உப்பு மிஞ்சினால் ரத்த அழுத்தமும் ஏறும், சிறுநீரில் கால்சியமும் கூடும். சிறுநீர் வெளுப்பாகப் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். ஏற்கெனவே இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. முதுகிலோ தாடையிலோ வலி, குமட்டல், மூச்சுத் திணறல், குப்பென்று வியர்வை என்றும் வரும். "பழைய கல் வலிதான்" என்று வாழைத்தண்டை நறுக்க உட்காராதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.