புயல் ஓய்ந்தபின் வந்த சாவு

‘இயற்கையின் சீற்றம்’ என்பது ஆளும் வர்க்கத்தாருக்கு மிகவும் வாய்ப்பான சொற்றொடர். சீறியது இயற்கையெனில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு எவருமிலர், வழக்குமில்லை, தீர்ப்புமில்லை. மாண்டவர்க்காகச் சிறிது நேரம் மௌனமாக நின்றுவிட்டு, எஞ்சியவர் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்துவிட்டால் அரசின் கடமை தீர்ந்துவிடுகிறது. அப்பிரசுரத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதை நாம் அறிவோம். வீட்டினுள்ளேயே இருங்கள்; அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகாதீர்கள்; நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள்; உதவி தேவையெனில் இந்த இலக்கத்துடன் தொடர்புகொள்ளுங்கள்.

இவ்வறிவுரைகள் பொய்யென்று நாம் கூறவில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தை லோரா என்னும் சூறாவளி தாக்கியது. முதல் நாட்களில் அங்கு அறிவிக்கப்பட்ட மரணங்களுட் பாதிக்கு மேற்பட்டவை காற்றினாலோ கடற்பெருக்கினாலோ நேர்ந்தவையல்ல. மின்சாரமற்ற வீடுகளில் இயக்கப்பட்ட மின்பிறப்பாக்கிகள் கக்கிய காபனோரொட்சைட்டு என்னும், நிறமும் மணமுமற்ற நச்சுவாயுவே அவற்றுக்குக் காரணம். மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ, விறாந்தையிலோ, யன்னலருகிலோ வைக்கலாகாது. குறைந்தது 20 அடிக்கு அப்பால் வெளியில் வைக்கவேண்டும். இந்தச் சிறிய அறிவு பல உயிர்களைக் காத்திருக்கும். ஆதலால் அறிவுரை வேண்டியதே.

ஆனால் அறிவுரை சரியாயிருப்பது ஒன்று. அதன்படி ஒழுகும் வசதி மக்களுக்கு வாய்த்திருப்பது இன்னொன்று. நீரைக் கொதிக்கவைக்க எரிபொருள் வேண்டும்; அதற்கு முன் நீர் வேண்டும். தொடர்புகொள்ளத் தொலைபேசி இயங்கவேண்டும். மறுமுனையில் ஒருவர் இருக்கவேண்டும். வீட்டிற் பத்திரமாக இருப்பதற்கு முதலில் வீட்டுக்குக் கூரை வேண்டும். இவற்றுள் எதையும் தராத அரசு ‘பத்திரமாக இருங்கள்’ என்று கூறும்போது, தன் பொறுப்பை வீட்டுக்காரரின் தலையில் ஏற்றிவைக்கின்றது. பின்னர் அவர் இறந்தால் அது அவருடைய கவனக்குறைவு, அல்லது முதுமை, அல்லது விதி. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை மறவாத நாம், இந்த ஏமாற்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளங்கிக்கொள்ளல் அவசியம். அதனை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு புவேர்ட்டோ ரிக்கோ.

கரிபியன் கடலிலுள்ள இத்தீவை ஐக்கிய அமெரிக்கா 1898இல் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றியது. 1917இல் தீவு மக்களுக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை அளிக்கப்பட்டது. ஆயினும் தீவில் வாழும்வரை அவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை. ‘கொலனி’ என்ற சொல்லை வாஷிங்டன் விரும்புவதில்லை. பொருள் மாத்திரம் அப்படியே இருக்கிறது. 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி காலை, மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வேகக் காற்றுடன் மரியா என்னும் சூறாவளி யபுகோவா என்ற ஊரருகே கரையேறித் தீவைக் குறுக்கறுத்துச் சென்றது. 33 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. சில மணி நேரத்திற் காற்று ஓய்ந்தது. பெருவாரியான சாவு அதன் பின்னரே தொடங்கியது.

அச்சாவு எங்கே நிகழ்ந்தது? வீடுகளில் நிகழ்ந்தது. மூச்சுத்திணறல் உடையவரின் படுக்கையருகே இருந்த சுவாசப்பொறி மின்சாரமின்றி நின்றது. நீரிழிவு நோயாளியின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியினுள்ளே வெப்பமேறிப் பயனற்றுப்போனது. குருதிச் சுத்திகரிப்பு நிலையங்கள் எரிபொருளுக்காகக் காத்திருந்தன. ஓடை நீரைப் பருகியவர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. ஹார்வார்ட் ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் நடத்திய விசாரணையின்படி, அவ்வாண்டு இறுதிவரையான காலத்தில் ஒரு வீடு சராசரியாக 84 நாட்கள் மின்சாரமின்றியும், 68 நாட்கள் குழாய்நீரின்றியும், 41 நாட்கள் கைத்தொலைபேசித் தொடர்பின்றியும் இருந்தது. வீட்டார் கூறிய மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு, வைத்தியம் தாமதித்ததால் அல்லது தடைப்பட்டதால் நேர்ந்தது. 84 நாட்கள் இருளில் இருப்பவரிடம் ‘வீட்டிற் பத்திரமாக இருங்கள்’ என்பதன் பொருள் யாது?

சாவை மறைக்க எளிய வழி எண்ணாமல் விடுதல். அரசாங்கம் 2017 டிசம்பரில் அறிவித்த தொகை 64. மரணத்தைச் சூறாவளியின் கணக்கிற் சேர்ப்பதற்குச் சட்ட வைத்திய நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும். வீதி அடைபட்ட மலைக்கிராமத்தில் மாண்ட முதியவரின் சான்றிதழில் வைத்தியர் ‘மாரடைப்பு’ என்று எழுதினார். ‘மின்சாரமின்மை’ என்று எழுத அச்சான்றிதழில் இடமில்லை. 2018 ஜூன் மாதத்தில் மக்கள் தம் வீட்டு மரித்தோரின் காலணிகளைக் கொணர்ந்து சான் ஹுவானிலுள்ள சட்டசபைக் கட்டடத்தின் முன்னே வரிசையாக வைத்தனர். அரசு எண்ண மறுத்ததைச் செருப்புகள் எண்ணிக் காட்டின. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வின் முடிவை ஏற்று, அரசாங்கம் 2,975 மரணங்கள் நிகழ்ந்தன என்று ஒப்புக்கொண்டது. 64 எங்கே, 2,975 எங்கே! ஜனாதிபதி ட்ரம்ப் இத்தொகையையும் பொய்யென்றார். அதே ஆய்வு பிறிதோர் உண்மையையும் வெளியிட்டது. வறிய நகராட்சிப் பிரதேசங்களில் மரண அபாயம் 45 சதவீதம் அதிகமாயிருந்தது. காற்றுக்கு வர்க்கபேதம் தெரியாது; காற்றின் பின் வந்த சாவு அதனை நன்கறிந்திருந்தது.

தீவு தூரத்தே, கடலுக்கு நடுவே இருந்ததால் உதவி தாமதித்தது என்பர் சிலர். அதே பருவத்தில் டெக்சாசை ஹார்வியும் புளோரிடாவை இர்மாவும் தாக்கின. முதல் 9 நாட்களில் அவ்விரு சூறாவளிகளாற் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சமஷ்டி அரசின் உதவியாகத் தனித்தனியே ஏறத்தாழ 10 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. மரியாவினாற் பாதிக்கப்பட்டோருக்குக் கிடைத்தது 60 இலட்சத்துக்குச் சிறிது அதிகம். விமானத்தில் வரக்கூடிய காசுக்குக் கடல் எவ்வாறு தடையாயிற்று? விண்ணப்பம் கொடுத்தோரிடம் காணி உறுதி கேட்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாட்டன் கட்டிய வீட்டிலேயே வாழ்ந்த பல்லாயிரவர், எழுத்து உறுதி இல்லாமையால் நிராகரிக்கப்பட்டனர். கூரை பறந்தது உண்மை. ஆனால் அது தம் கூரைதான் என்று அவர்கள் நிரூபிக்கவேண்டியிருந்தது!

ஏழையிடம் உறுதி கேட்டவர்கள் ஒப்பந்தகாரரிடம் எதையும் கேட்கவில்லை. மின்கம்பிகளைச் சீர்செய்ய 30 கோடி டொலர் ஒப்பந்தம் பெற்றது வைட்ஃபிஷ் என்னும் மொன்டானா நிறுவனம். புயலடித்த அன்று அதிலே நிரந்தர ஊழியர் இருவரே இருந்தனர். எதிர்ப்பு வலுத்த பின்னரே அவ்வொப்பந்தம் நீக்கப்பட்டது. 3 கோடி உணவுப்பொதி வழங்க உடன்பட்ட இன்னொரு நிறுவனம் 50,000 பொதிகளையே வழங்கியது. 2020 ஜனவரியில், போன்சே நகரில், புயற்காலத்து நிவாரணப் பொருட்கள் விநியோகிக்கப்படாமலே அடைந்து கிடந்த களஞ்சியத்தை மக்கள் கண்டுபிடித்துத் திறந்தனர்.

மின்வலையமைப்பு ஏன் அவ்வளவு எளிதிற் சரிந்தது? பொதுமக்களுக்குச் சொந்தமான மின்சக்தி அதிகாரசபை ஏறத்தாழ 900 கோடி டொலர் கடனில் மூழ்கி, புயலுக்கு இரு மாதங்களுக்கு முன்னரே வங்குரோத்து வழக்குத் தொடர்ந்திருந்தது. தீவின் மொத்தக் கடன் 7,000 கோடி டொலருக்கு மேல். 2016இல் வாஷிங்டன் நியமித்த நிதிக் கட்டுப்பாட்டுச் சபை, மக்கள் வாக்கின்றி அமர்ந்து வரவுசெலவை வெட்டியது. கடன்காரரின் வட்டிக்கு முன்னுரிமை. உக்கிய கம்பத்துக்கும் பழைய மின்னாலைக்கும் காசில்லை. 2021 ஜூன் மாதத்தில் மின்விநியோகம் லூமா என்னும் தனியார் கூட்டு நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. தனியார் வந்தால் ஒளி வரும் என்றனர். 2022 செப்டெம்பர் 18ஆம் திகதி பியோனா வந்தது. மரியா நான்காம் தரச் சூறாவளி, இது முதலாம் தரம். தீவு மறுபடியும் முழுவதும் இருண்டது. இதற்குமா இயற்கையின் சீற்றம் காரணம்?

வியேக்கஸ் என்னும் சிறு தீவைப் பாருங்கள். அமெரிக்கக் கடற்படை 2003ஆம் ஆண்டுவரை அதனைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்களமாகப் பயன்படுத்தியது. மரியாவின் பின் அங்கிருந்த ஒரேயொரு வைத்தியசாலையும் பயனற்றுப்போகவே, குருதிச் சுத்திகரிப்பு நோயாளர் வாரம் மும்முறை விமானமேறிப் பெருந்தீவுக்குச் சென்றுவரவேண்டியவராயினர். குண்டு வீசுவதற்குப் பல்லாண்டுக் காலம் பணமிருந்தது. வைத்தியசாலையை எழுப்பும் பணமோ தாமதித்தே ஒதுக்கப்பட்டது.

இவ்விருளில் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. அட்ஹுந்தாஸ் என்ற மலையூரில், சுரங்க அகழ்வை எதிர்த்து 1980இல் தோன்றிய காசா புவேப்லோ என்னும் மக்கள் இல்லத்தில் சூரியமின்சாரம் இருந்தது. ஊரவர் அங்கு வந்து சுவாசப்பொறிகளை இயக்கினர்; தொலைபேசிகளுக்கு மின்னேற்றினர். காகுவாஸ் முதலிய இடங்களில் பரஸ்பர உதவி நிலையங்கள் எழுந்தன. ஒன்றாகச் சமைத்தனர், வீதியைத் துப்புரவாக்கினர், முதியோர் வீடுகளுக்கு மருந்து கொண்டுசென்றனர். வீட்டில் இருப்பவருக்கு உதவி கிடைத்த இடங்களில் அது பெரும்பாலும் இவ்வாறே கிடைத்தது.

ஆயின் இங்கேயே எச்சரிக்கை வேண்டும். மக்களின் இந்த ஆற்றலை முதலாளித்துவப் பத்திரிகைகள் மிகுந்த பரிவுடன் புகழ்கின்றன. ‘எத்தகைய மனவுறுதி! எத்தகைய அயலன்பு!’ என்கின்றன. இப்புகழ்ச்சியின் உட்கிடை, அரசு இல்லாமலே இவர்கள் சமாளித்துக்கொள்வர் என்பதே. அயலவர் கஞ்சி காய்ச்சித் தரலாம். உயரழுத்த மின்மார்க்கத்தை அமைக்கமுடியாது. அயலன்பைச் சாட்டாக வைத்துப் பொதுச்சேவையைக் குறைப்பது, தானம் கொடுத்தவனிடமே வரியும் அறவிடுவது போன்றது. புயலின் பின் பாடசாலைச் சமையற்கூடங்கள் ஊருக்கு உணவளித்தன. அடுத்த ஆண்டே, 2018இல், 250க்கு மேற்பட்ட பொதுப்பாடசாலைகளை அரசாங்கம் மூடியது என்பதை ஆசிரியர்களாகிய வாசகர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

வேறு வழி இல்லையா? அயற்றீவாகிய கியூபாவில் 1963இல் புளோரா சூறாவளி 1,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின்னர் அங்கு கட்டியெழுப்பப்பட்ட சிவில் பாதுகாப்பு முறை, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்கவியலாதவர் என்பதைப் புயலுக்கு முன்பே ஊர்மட்டத்தில் அறிந்துவைத்தது. 2017இல் இர்மா வந்தபோது பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்மாற்றப்பட்டனர்; இறந்தோர் 10 பேர். கியூபாவைக் குறையற்ற சொர்க்கமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. 2024 ஒக்டோபரில் அந்நாட்டின் மின்வலையமைப்பே சரிந்தது. அவ்விருளினூடே வந்த ஒஸ்கார் புயல் குவாந்தனாமோவில் உயிர்களைப் பறித்தது. நல்ல அமைப்பும் முற்றுகையாலும் உக்கிய ஆலைகளாலும் தளர்ந்துபோகும் என்பதற்கு அது சான்று. எனினும் வறிய நாடொன்றால் தன் மக்களைப் பெயர்சொல்லி அறிந்துவைக்க முடிந்தது. உலகின் மிகப் பெரிய செல்வந்த நாடு அதனைச் செய்ய விரும்பவில்லை.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் துண்டுப்பிரசுரத்தைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அதிலுள்ளதை ஊருக்குக் கற்பியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இன்சுலினில் வாழ்பவர் யார், தனித்திருக்கும் முதியவர் யார் என்ற பட்டியலைக் காற்று எழுமுன் தயாரியுங்கள். ஆனால் அதனுடன் நின்றுவிடாதீர்கள். அப்பட்டியலைப் பேணுவதும், கிராமத்து வைத்தியசாலைக்கு மின்சாரம் அறாதிருக்கச் செய்வதும், காணி உறுதி இல்லாதவனுக்கும் கூரை தருவதும் அரசின் கடமையென்று கோருங்கள். புயல் ஓய்ந்து ஆறு மாதங்கள் வரை நேரும் ஒவ்வொரு மரணத்தையும் காரணத்தோடு கணக்கெடுக்கச் செய்யுங்கள். கணக்கு வந்தால் காரணம் வரும்; காரணம் வந்தால் பொறுப்பாளியின் பெயரும் வரும். புவேர்ட்டோ ரிக்கோவில் 64 என்ற இலக்கத்தை இறுகப் பற்றி நின்றவர்கள் அஞ்சியது அந்தப் பெயருக்கே.