பெற்றோரும் விஸாவும்

வெளிநாடுகளில் உத்தியோகம் பார்க்கும் மக்களுடன் சில மாதங்கள் தங்கி வருவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து செல்லும் முதியோர்களின் தொகை பெருகிவிட்டது. பெண்ணின் பிரசவத்திற்குச் செல்லும் தாயார், பேரனுக்கு ஆண்டு நிறைவு என்று புறப்படும் பாட்டனார், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் மகனிடம் ஒரு கோடையைக் கழிக்க எண்ணும் தம்பதிகள் ஆகிய இவர்கள் எல்லோரையும் அந்நிய சர்க்கார்கள் பெரும்பாலும் ஒரே பெயரால்தான் அழைக்கின்றன. அவர்களுடைய சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் உல்லாசப் பிரயாணிகள். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்க வந்தவனும், பெண்ணுக்குப் பிரசவ லேகியம் கிளறிக் கொடுக்க வந்த தாயும் ஒரே இனம்! வேடிக்கை பார்க்க வருபவனுக்கு என்று செய்த சட்டையைப் பெற்றோருக்கு மாட்டிவிடுவதால் நேரும் தொல்லைகளைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மவர்களுக்கு அங்கே செல்ல வழங்கப்படும் 'பி-2' என்னும் வருகை விஸா பெரும்பாலும் 10 ஆண்டுக் காலத்திற்கு அளிக்கப்படுகிறது. பத்தாண்டு என்றதும் பத்தாண்டும் தங்கலாம் என்று நினைப்பவர் சிலர் உண்டு. போகும்போதெல்லாம் ஆறு மாதம் கிடைத்தே தீரும் என்று நினைப்பவர் பலர் உண்டு. இரண்டும் பிழை. பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டுள்ள விஸாவின் தேதி, எந்த நாள் வரையில் அந்நாட்டின் வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்கலாம் என்பதை மட்டுமே காட்டுகிறது. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நிர்ணயிப்பவர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவர் வழக்கமாக ஆறு மாதம் கொடுக்கிறார், குறைத்தும் கொடுக்கலாம். அவர் கொடுத்த தேதி 'ஐ-94' என்னும் பதிவில் ஏறுகிறது. முன்னாளில் இது ஒரு காகிதத் துண்டாகப் பாஸ்போர்ட்டிலேயே இருந்தது. 2013ஆம் ஆண்டு முதல் விமானத்தில் வருவோருக்குக் காகிதம் இல்லை, கணினிப் பதிவு மட்டுமே. ஆகவே, கண்ணுக்குத் தெரிகிற தேதி விஸாவின் தேதி. கட்டுப்படுத்துகிற தேதியோ கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ இருக்கிறது. பெற்றோர் போய் இறங்கிய மறுநாளே பிள்ளைகள் அப்பதிவை எடுத்துப் பார்த்து, அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைப்பது நலம்.

இதில் தவறினால் நேர்வது சிறிய தண்டனையன்று. அனுமதித்த நாளைக் கடந்து ஒரு நாள் தங்கினாலும் அந்தப் பத்தாண்டு விஸா சட்டப்படி செல்லாததாகிவிடும். 180 நாட்களுக்கு மேல் அனுமதியின்றி இருந்து திரும்பினால் மூன்றாண்டுத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தால் பத்தாண்டுத் தடை. 1996ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த சட்டம் இது. எழுபது வயதான தாய்க்குப் பத்தாண்டுத் தடை என்றால் அதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நோயினாலோ வேறு தக்க காரணத்தினாலோ அதிக நாள் இருக்க நேர்ந்தால், தேதி முடியுமுன்பே நீடிப்புக்கு மனுச் செய்துகொள்ள வழியிருக்கிறது. ஆனால் நம் நகரங்களில் உள்ள சில தரகர்கள் வேறு உபாயம் கூறி வருகிறார்கள்: மெக்ஸிகோவுக்கோ கனடாவுக்கோ நாலு நாள் போய்விட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் பிறந்துவிடுமாம்! அண்டை நாட்டுக்குச் சில நாள் சென்று திரும்புவோரைப் பழைய தேதிக்கே உட்பட்டவராக ஏற்றுக்கொள்ளுவதுதான் அங்குள்ள வழக்கம். இந்த உபாயத்தை நம்பிப் பணம் செலவழிப்பவர்கள் பணத்தோடு விஸாவையும் இழப்பார்கள்.

இவ்விஷயத்தில் பிள்ளைகளையும் சிறிது கண்டிக்க வேண்டியிருக்கிறது. முதல் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள், அடுத்த ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவர்கள் என்று முறை வைத்து வரவழைக்கும் வழக்கம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. பேரனைக் கொஞ்சுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. ஆனால் கணவனும் மனைவியும் வேலைக்குப் போக, தாதிக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்துவதற்கென்றே பாட்டியை வரவழைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி கருதினால், இது வருகையன்று, வேலை என்று சொல்லிவிட அவருக்கு இடமுண்டு. வருகை விஸா கேட்பவர் ஒவ்வொருவரும் குடியேற வருபவரே என்று முதலில் வைத்துக்கொண்டு, அல்ல என்று நிரூபிக்கும் பாரத்தை மனுதாரர் தலையில் சுமத்துவது அமெரிக்கச் சட்டம். சென்னையிலுள்ள தூதரகத்தில் இரண்டு மூன்று நிமிஷத்திற்குள் அந்தப் பாரத்தை இறக்கியாக வேண்டும். அங்கே நிற்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கற்றுக்கொடுக்க வேண்டியது சாமர்த்தியமான விடையல்ல. எவ்வளவு நாள், எதற்காக, திரும்பி வருவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்ற மூன்றுக்கும் உண்மையான விடை.

பச்சை அட்டை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். மகன் அமெரிக்கப் பிரஜையாகி 21 வயதும் நிரம்பியிருந்தால் பெற்றோருக்கு அந்த வழி திறந்திருக்கிறது. அதற்கு வருஷாந்தர எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் அந்த அட்டை அங்கேயே வசிப்பவர்களுக்கு உரியது. வீட்டையும் நிலத்தையும் இங்கே வைத்துக்கொண்டு, மழைக்கு இங்கும் கோடைக்கு அங்குமாக இருக்க விரும்புவோர் அதை வாங்கிக்கொண்டு பிறகு நெடுநாள் ஊரிலேயே இருந்துவிட்டால், அட்டை போய்விடும். வந்து போக விரும்புவோருக்கு வருகை விஸாதான் தக்கது. 'எச்-1பி' விஸாவில் வேலை பார்க்கும் மகனுடைய பெற்றோருக்கோ இந்தத் தேர்வே கிடையாது. அவனுடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சட்டத்தில் இடமுண்டு. தாய் தந்தையருக்கு இல்லை. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் கிடையாது என்ற வரம்பினால் அவனுக்கே பச்சை அட்டை கிடைக்கப் பல்லாண்டுகள் ஆகின்றன. அவன் பிரஜையாகும் காலத்தில் பெற்றோர் இருப்பார்களா என்பதே கேள்வி.

கனடா இவ்விஷயத்தில் நெடுங்காலத்திற்கு முன்பே விழித்துக்கொண்டது. பெற்றோரைக் குடியேற்றும் மனுக்கள் குவிந்துபோனபடியால், 2011 நவம்பரில் அந்த சர்க்கார் புது மனுக்களை வாங்குவதை நிறுத்திவைத்தது. அடுத்த மாதமே 'சூப்பர் விஸா' என்று ஒன்றைத் தொடங்கியது. பெயர் சந்தைக்கடைப் பெயர்போல் இருக்கிறதே தவிர, ஏற்பாடு நல்லது. சாதாரண வருகையாளருக்கு அங்கே ஆறு மாதம். சூப்பர் விஸாவில் வரும் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் முதலில் ஒரு வருகைக்கு இரண்டு ஆண்டு இருந்தது. 2022 ஜூலை முதல் ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அழைக்கும் மகனோ மகளோ கனடியப் பிரஜையாகவோ நிரந்தர வாசியாகவோ இருக்க வேண்டும். குறிப்பிட்ட வருமானத்தைக் காட்ட வேண்டும். வருபவருக்கு வைத்திய பரிசோதனை நடக்கும். ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத வைத்திய இன்ஷ்யூரன்ஸ் ஓராண்டுக்கேனும் எடுத்திருக்க வேண்டும். இதில் நம்மவர்கள் சாதாரணமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டி விஸா கொடுப்பதில்லை. இரண்டு வருஷத்தில் முடியப்போகும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பத்தாண்டு விஸாவுக்கு மனுப்போடுவது வீண். முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் 2019இல் பெற்றோருக்கென்று தனியாக ஒரு தற்காலிக விஸா ஏற்படுத்தியது. ஒரு தடவைக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு, மொத்தம் பத்தாண்டு வரையில் இருக்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே மூன்றாண்டுக்கு 5,000, ஐந்தாண்டுக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலர் என்று கட்டணம் விதித்தார்கள். பாசத்திற்கு இவ்வளவு வரி போடலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. அவ்வளவு பணம் கொடுக்க இயலாதவர்கள் சாதாரண வருகை விஸாவில் செல்லுகிறார்கள். அவர்கள் தங்கள் அனுமதிக் கடிதத்தில் 8503 என்ற ஷரத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் அங்கே இருந்துகொண்டு நீடிப்புக் கேட்க இயலாது. நியூஸிலாந்து 2025 செப்டம்பரில் பெற்றோருக்கு ஐந்தாண்டு வருகை விஸாவை ஆரம்பித்திருக்கிறது.

இங்கிலாந்தின் கதை வேறு. இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விஸாக்கள் அங்கே விலைக்கு இருக்கின்றன. எதை வாங்கினாலும் ஒரு வருகைக்கு ஆறு மாதமே. அடிக்கடி வந்து வந்து அங்கேயே வாசம் செய்வதுபோல் நடந்துகொள்ளக் கூடாது என்பதும் விதி. ஒரே ஒரு முறை போக எண்ணுபவர் பத்தாண்டு விஸாவுக்குப் பெருந்தொகை கட்டுவதில் அர்த்தமில்லை. வயோதிகப் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் வழி 2012 ஜூலையில் ஏறக்குறைய அடைக்கப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் கூடாது. ஜனவரி முதல் தேதியிலிருந்து மார்ச் 31 வரையில் பெர்லினில் மகளுடன் இருந்தவர், சாதாரண ஆண்டில் ஜூன் 30க்கு முன் பாரிஸிலுங்கூட இறங்க இயலாது. விஸா ஐந்தாண்டுக்கு இருந்தாலும் இதுவே விதி. முன்பு முத்திரைகளைப் பார்த்து அதிகாரிகள் விரல்விட்டு எண்ணினார்கள்; 2025 அக்டோபர் 12ஆம் தேதி முதல் படிப்படியாக இயந்திரமே எண்ணத் தொடங்கியிருக்கிறது. இயந்திரத்திற்குத் தயவு தாக்ஷண்யம் கிடையாது. ஜெர்மனி மட்டும், 2024 மார்ச் முதலாகப் புதிதாக அனுமதி பெற்ற தொழில் நிபுணர்கள், செலவுக்கும் வைத்தியத்திற்கும் ஏற்பாடு காட்டினால், பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம் என்று வழி செய்திருக்கிறது.

நெடுநாள் தங்கப் போகிறவர் விஸாவைப் போலவே கருத வேண்டியது இன்ஷ்யூரன்ஸ். அமெரிக்கா தன் வருகையாளர்களிடம் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கேட்காததால் தேவையில்லை என்று முடிவு கட்டுவது அபாயம். அங்கே ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தாலே குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு கரைந்துவிடும். மேலும், வருகையாளர்களுக்கென்று விற்கப்படும் பாலிஸிகள் பெரும்பாலும் முன்பே உள்ள வியாதிகளை விலக்கியோ குறுக்கியோ எழுதப்படுகின்றன. நீரிழிவும் ரத்த அழுத்தமும் இல்லாத அறுபது வயதுக்காரர் நம் நாட்டில் எத்தனை பேர்? பாலிஸியின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெருந்தொகையைப் பார்த்து மகிழாமல், எதற்கெல்லாம் கொடுக்கமாட்டோம் என்று பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் தனி மனிதர்கள் எச்சரிக்கையாக இருந்து செய்துகொள்ளக் கூடியவை. சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. அமெரிக்கப் பிரஜையாகப் பிறந்த நம் பேரனுக்கு, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடல்கடந்த இந்தியர் அட்டையை இந்தியா வழங்குகிறது. அதை வைத்துக்கொண்டு அவன் ஆயுள் முழுவதும் சென்னைக்கு வரலாம், வேண்டியமட்டும் தங்கலாம். அவனைப் பார்க்கச் செல்லும் பாட்டியோ ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை நம் பிரதிநிதிகள் எந்தப் பேச்சுவார்த்தையில் எடுத்துரைத்தார்கள்? 2025 ஜூலையில் பிரிட்டனுடன் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தில் விஸ்கியின் சுங்கவரியை 150 சதவீதத்திலிருந்து 75க்கும், பின்னர் 40க்கும் இறக்க நம்மவர்கள் இசைந்தார்கள். விஸா இதில் சேராது என்று அந்நாட்டுப் பிரதமர் ஸ்டார்மர் அக்டோபரில் இந்தியா வந்தபோது வெளிப்படையாகவே கூறினார். சாராயத்திற்கு வாசல் திறந்தது, தாய்க்குத் திறக்கவில்லை.

வயோதிகர்கள் வந்தால் வைத்தியச் செலவு தங்கள் குடிகள் தலையில் விழும் என்பது அந்நிய சர்க்கார்களின் பயம். நியாயமான பயமே. இன்ஷ்யூரன்ஸைக் கட்டாயமாக்கிக் கனடா அதற்கு விடை கண்டிருக்கிறது. அதே நிபந்தனைகளுடன், உத்தியோக விஸாவில் இருப்போரின் பெற்றோருக்கும் சேர்த்து, ஒரு வருகைக்கு இரண்டாண்டு தங்கும் விஸாவை வாஷிங்டனிடமும் லண்டனிடமும் புது டில்லி கேட்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பட்டியலின் கடைசியில் அல்லாமல் மேலேயே இதை எழுதிக்கொண்டு போகும்படி நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் மந்திரியை வற்புறுத்துவார்களாக.