ஓசூரில் ஓட ஆறு இருக்கிறது, பாதை எங்கே?

ஓட்டக்காரர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால் பெரும்பாலும் கடல்தான் வரும். பெசன்ட் நகர், புதுச்சேரி பீச் ரோடு, கடலூர் சில்வர் பீச். பின்னால் சூரியன், முன்னால் வியர்த்த முகம், கீழே '10 கே டன்' என்று ஒரு வரி. ஓசூர்க்காரர் போட்டோ போட்டால் பின்னால் தெரிவது சர்வீஸ் ரோடும் கன்டெய்னர் லாரியும்தான்.

"கடல் இல்லாத ஊர், என்ன பண்றது?" என்று இதைக் கடந்துவிடக் கூடாது. கடலூர் பக்கம் வங்கக்கடலில் கலக்கிற அதே தென்பெண்ணை, நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் காலடி வைப்பது ஓசூர் அருகேதான். முகத்துவாரத்து ஊர்களுக்கு ஆற்றின் கடைசி கிலோமீட்டர்கள் கிடைத்தன. ஓசூருக்குக் கிடைத்தது தமிழ்நாட்டின் முதல் கிலோமீட்டர்கள். அதை இந்த ஊர் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதுதான் பேச்சு.

முதலில் ஒரு விஷயம். ஓடுவதற்கு ஓசூர் அளவுக்குத் தோதான ஊர் தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடைப்பது கஷ்டம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையில் காலை ஆறு மணிக்கே சட்டை பிழியும் மாதங்களிலும் இங்கே காற்று லேசாக இருக்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. அதனால் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் சில வாரம் கொஞ்சம் மூச்சு வாங்கலாம், பிறகு உடம்பு பழகிவிடும். மலை ஏறி ஓட ஆசையா? ஊருக்கு நடுவிலேயே சந்திர சூடேஸ்வரர் கோயில் மலை இருக்கிறது. படியும் உண்டு, வண்டி போகும் சாலையும் உண்டு.

குளிர், மேடு, இளைஞர்கள் என எல்லாம் இருந்தும் இவர்கள் ஓடுவது எங்கே? தேசிய நெடுஞ்சாலை 44-ன் ஓரத்தில், அல்லது சிப்காட் உள்சாலைகளில். ஓடும்போது நுரையீரலுக்குள் போகும் காற்று, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் பல மடங்கு. அதுவும் வாய் வழியாகப் போவதால் மூக்கின் வடிகட்டல் வேலை செய்யாது. குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் நிற்கும். இரவெல்லாம் ஓடிய லாரிகளின் புகையும் அதோடு அங்கேயே நிற்கும். பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம், இந்தியாவின் வரம்பு 40. ஆரோக்கியத்துக்காக ஓடப் போய், ஊரிலேயே அதிகப் புகை உள்ள இடத்தில் ஆழமாக மூச்சு இழுப்பது நல்ல டீல் இல்லை.

அணைக்கரை அழகு, நுரை வரும் வரை

நகரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. போனால் கெலவரப்பள்ளி அணை. ஒரு பக்கம் விரிந்த நீர், மறு பக்கம் வயல், பசுமைக்குடில்கள், தூரத்தில் பாறைக் குன்றுகள். ஞாயிறு நீள ஓட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றுதான், மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஆறு.

அணையின் முழு அளவு 44.28 அடி. அதற்குள் வந்து சேர்வது மழைநீர் மட்டும் இல்லை. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இறங்கும் கழிவுநீரும் தென்பெண்ணையில்தான் சேருகிறது. சோப்பு, டிடர்ஜென்ட்டில் உள்ள ரசாயனங்கள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். அந்த நீர் மதகிலிருந்து உயரத்தில் விழும்போது காற்று உள்ளே புகுந்து நுரை கட்டுகிறது. வீட்டில் பக்கெட்டில் வாஷிங் பவுடர் போட்டுக் கலக்குகிற அதே விஷயம், இங்கே ஆற்றளவுக்கு நடக்கிறது. பெங்களூருவில் பெரிய மழை பெய்தால் தேங்கிக் கிடந்தது எல்லாம் அடித்துக்கொண்டு வரும். 2024 மழைக்காலத்தில் நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தையே நுரை மூடியது.

இது திடீரென்று முளைத்த பிரச்சினையும் இல்லை. பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்ததை நாடே டிவியில் பார்த்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏரிகளுக்காகக் கர்நாடக அரசுக்கு 50 கோடி, பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் என்று அபராதம் போட்டது. அதே 2018-ல் தென்பெண்ணை நீர்ப் பங்கீடு தொடர்பாகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு மாநிலமும் எத்தனை நீர் என்று வாதாடுகிற அளவுக்கு, எப்படிப்பட்ட நீர் என்று வாதாடுவதில்லை என்பதே இங்குள்ள ஆதங்கம். ஓசூரும் கை கழுவிவிட முடியாது. வளர்கிற நகரத்தின் சாக்கடையும் கீழே உள்ள ஊர்களுக்குத்தானே போகிறது? ஓசூருக்குப் பெங்களூரு எப்படியோ, கிருஷ்ணகிரி அணைக்கு ஓசூர் அப்படி.

நுரை விஷயம் செய்தியில் வரும்போது விவசாயிகள் பாதிப்பு என்று மட்டும் வரும். அது நியாயம், அவர்கள்தான் முதல் பாதிப்பு. ஆனால் ஒரு நகரம் தன் ஆற்றங்கரையையே இழந்து நிற்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அப்புறம் யானை

ஓசூர் பற்றித் தெரியாதவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. ராகி விளையும் காலத்தில் சானமாவு காடு வரைக்கும் வந்து தங்கும், பேரண்டப்பள்ளி பக்கம் நெடுஞ்சாலையையே கடக்கும். ஓட்டத்துக்கு அருமையான குளிர்காலம்தான் யானைகளுக்கும் சீசன். ஓடுகிறவருக்குப் பிடித்த இருட்டு விலகாத நேரம்தான் அவற்றுக்கும் நடமாட்ட நேரம். காதில் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு காட்டோரச் சாலையில் தனியாக ஓடுவது தைரியம் இல்லை, மடத்தனம். வனத்துறை எச்சரிக்கை வந்த நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். இந்தப் பாதையில் நாம்தான் விருந்தாளி.

சரி, என்னதான் செய்யலாம்? பல கோடி ரூபாய் திட்டம் எதுவும் வேண்டாம். ஏரிக்கரை என்றாலே பேவர் பிளாக் பதித்து, செல்ஃபி பாயின்ட் வைத்து, ரிப்பன் வெட்டுவது நம் ஊர் வழக்கம். மழையில் வழுக்கும், ஒரே வருஷத்தில் பெயர்ந்து நிற்கும் அந்தக் கல்லைவிட, கெட்டித்த மண் பாதை ஓட்டக்காரருக்கு எவ்வளவோ மேல். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. அந்த ஒரே விதி அந்தச் சாலையை நடப்பவர்களிடம் கொடுத்துவிட்டது. 2019-ல் மாநகராட்சி ஆன ஓசூர், ஞாயிறு காலை மட்டுமாவது ராமநாயக்கன் ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் இப்படிச் செய்து பார்க்கலாம். அணைப்பக்கம் நீர்வளத்துறை தினமும் நீர்மட்டத்தை அறிவிக்கிறது. அதோடு நீரின் தரத்தையும் ஒரு பலகையில் எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நுரை வரும் நாளில் கரைக்கு வர வேண்டாம் என்று சொல்லவாவது ஒரு வழி கிடைக்கும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. கேஆர்பி அணையில் பூங்கா, மலைகள் சூழ்ந்த நீர்ப்பரப்பு, சுமார் 9,000 ஏக்கருக்கு நீர் கொண்டுபோகும் இடது, வலது கால்வாய்கள். கால்வாய்க் கரை பொதுவாக ஏற்ற இறக்கம் இல்லாதது, புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. அங்கேயும் வெளிச்சம் வந்த பிறகே ஓடுவது நல்லது.

ஆனால் வெளிச்சம் வரும் வரை காத்திருக்க எல்லோராலும் முடியாது. சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு என்றால் ஓட நேரம் 4.30 தான். ஜனவரியில் ஓசூரில் சூரியன் உதிக்கவே 6.40 ஆகிவிடும். ஐடி வேலைக்காரர் எழுந்து ஷூ கட்டும் நேரத்தில் தொழிலாளி லைனில் நின்றாயிற்று. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பெண்கள் அந்த இருட்டில் எங்கே ஓடுவார்கள்? பள்ளியில் தடகளம் ஆடி, இங்கே வந்து நிறுத்திக்கொண்டவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். சிப்காட்டுக்குள்ளேயே 2 கி.மீ. சாலையில் காலை 4 முதல் 6 வரையும், இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்தவர்களுக்காகக் காலை 9 முதல் 11 வரையும் லாரியை நிறுத்திவைத்து, விளக்கும் ஒரு பெண் காவலரும் போட முடியுமா என்பதை மாவட்ட நிர்வாகமும் ஆலைகளும் உட்கார்ந்து பேச வேண்டும். மாரத்தானுக்கு டி-ஷர்ட் ஸ்பான்சர் செய்வதைவிட இதற்குச் செலவு குறைவு.